பதிவு வேறு, டிக்கெட் வேறு: திருகோணமலையிலிருந்து லண்டனுக்குப் புள்ளிகளில் ஒரு பயணம்

திருகோணமலை உவர்மலையில் இருக்கும் அப்பாவுக்கு 71 வயது, அம்மாவுக்கு 66. லண்டனில் மகளுக்கு ஜூன் நடுப்பகுதியில் பிள்ளைப்பேறு. மே கடைசியில் இருவரும் அங்கே நிற்க வேண்டும். 31ஆம் நாள் துடக்குக் கழிந்த பிறகுதான் திரும்பும் பேச்சு. அது ஜூலையா செப்டெம்பரா என்று இப்போது சொல்ல முடியாது. வீசா இன்னும் கைக்கு வரவில்லை. மகளும் மருமகனும் கடன் அட்டையிலும் பழைய பயணங்களிலும் சேர்த்த, அவியோஸ் எனப்படும் பயணப் புள்ளிகள் பிரிட்டிஷ் ஏர்வேய்ஸ் கணக்கில் போதுமான அளவு கிடக்கின்றன.

ஒரே வீட்டில் இவ்வளவும் நடந்தது என்று கொள்ள வேண்டாம். திருகோணமலையிலிருந்து புறப்படும் புள்ளிப் பயணங்களில் திரும்பத் திரும்ப விழும் முடிச்சுகளை ஒரே பயணமாகக் கோத்திருக்கிறோம். விதிகளை நிறுவனப் பெயரோடும், சிக்கல்களைப் பெயரில்லாமலும் சொல்கிறோம். அந்தச் சிக்கல்கள் எந்த நிறுவனத்திலும் வரக்கூடியவை.

புறப்படும் திகதி ஓரளவு உறுதி, திரும்பும் திகதி உறுதியில்லை, வீசா கேள்விக்குறி. இப்படியான பயணத்துக்குப் புள்ளி டிக்கெட்டை, அதாவது விலைக்குப் புள்ளியும் வரிக்குப் பணமும் கொடுத்து எடுப்பதை, விடப் பொருத்தமானது குறைவு. பிரிட்டிஷ் ஏர்வேய்ஸ் கணக்கில் எடுத்த புள்ளி டிக்கெட்டைப் புறப்பாட்டுக்கு 24 மணி நேரம் முன்வரை ரத்துச் செய்யலாம். ஆளுக்கு 35 பவுண் கழியும். புள்ளிகள் கணக்குக்குத் திரும்பும், மீதி வரிப்பணம் அட்டைக்குத் திரும்பும். மலிவான ரொக்க டிக்கெட்டில் இந்த வசதி கிடையாது. அதனால் வீசா கிடைக்க முன்னரே ஆசனத்தைப் பிடித்து வைக்கலாம். வீசா மறுக்கப்பட்டால் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு வழிக்கு 70 பவுணோடு இழப்பு முடிந்துவிடும்.

எந்தக் கதவால் போவது

விமான நிறுவனங்கள் கூட்டணியாகச் சேர்ந்திருப்பதால் ஒன்றின் புள்ளியில் அதே கூட்டணியின் இன்னொன்றில் பறக்கலாம். ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸ் 2014 மே 1 முதல் ஒன்வேர்ல்ட் கூட்டணியில் இருக்கிறது. கட்டார் ஏர்வேய்ஸ், மலேசியா ஏர்லைன்ஸ், பிரிட்டிஷ் ஏர்வேய்ஸ் எல்லாம் அதே கூட்டணி. கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு வரும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், ஏர் இந்தியா, டேர்கிஷ் ஏர்லைன்ஸ் ஆகியவை ஸ்டார் அலையன்ஸ் என்ற இன்னொரு கூட்டணி. கனடாவில் இருக்கும் பிள்ளைகள் ஏர் கனடாவின் ஏரோபிளான் புள்ளி சேர்த்திருந்தால் பார்க்க வேண்டியது ஸ்டார் பக்கம். இந்தக் குடும்பத்திடம் இருப்பது அவியோஸ் என்பதால் ஒன்வேர்ல்ட் பக்கம்தான்.

அவியோஸ் இன்று ஒரு நிறுவனத்தின் நாணயம் மட்டும் இல்லை. ஐபீரியா, ஏர் லிங்கஸ், 2022இலிருந்து கட்டார் ஏர்வேய்ஸ், 2024இலிருந்து ஃபின்எயார் எல்லாம் அதையே பாவிக்கின்றன. பிரிட்டிஷ் ஏர்வேய்ஸ் கணக்கையும் கட்டார் கணக்கையும் இணைத்தால் புள்ளிகளை ஒன்றுக்கு ஒன்று என இரு பக்கமும் நகர்த்தலாம். இணைப்பதற்கு இரண்டு கணக்கிலும் விபரங்கள் ஒத்திருக்க வேண்டும். திருமணத்துக்குப் பிறகு ஒரு கணக்கில் மட்டும் குடும்பப் பெயரை மாற்றிய பெண்கள் இந்த இடத்தில்தான் மாட்டுப்படுவார்கள்.

புள்ளிகளை எங்கிருந்து எங்கே மாற்றுவதென்றாலும் வரிசை ஒன்றுதான்: முதலில் ஆசனம் இருக்கிறதா என்று பார், பிறகு மாற்று. வங்கி அட்டைப் புள்ளியை விமானக் கணக்குக்கு அனுப்பிவிட்டால் திருப்பி எடுக்க முடியாது. ஆசனம் இல்லாத திகதிக்குப் புள்ளியைச் சேர்த்து வைத்துக்கொண்டு தேடுகிறவர்கள், கடைசியில் தேவையில்லாத திகதிக்கு ஆசனம் எடுக்க வேண்டி வரும்.

தேடும் முறை

விமானத்தில் நூற்றுக்கணக்கான ஆசனம் காலியாக இருந்தாலும், கூட்டணிப் பங்காளிக்கு என்று நிறுவனம் திறந்துவிடுவது சில ஆசனங்களைத்தான். அவற்றுக்குத் தனி எழுத்து உண்டு. ஒன்வேர்ல்ட்டில் சாதாரண வகுப்புக்கு எக்ஸ், பிசினஸ் வகுப்புக்கு யூ என்பது பொதுவான வழக்கம். ‘பிளேன் காலியாத்தானே போகுது, ஏன் புள்ளியில தரமாட்டாங்கள்?’ என்று கேட்கிறவர்களுக்குப் பதில் இதில் இருக்கிறது: காலி ஆசனம் வேறு, எக்ஸ் திறந்திருப்பது வேறு.

மே கடைசி என்பதால் ஒரு திகதியில் தொங்கக் கூடாது. 22ஆம் திகதியிலிருந்து 31 வரை ஒவ்வொரு நாளாகப் பார்க்க வேண்டும். முதலில் ஒரு ஆளுக்குத் தேடு, கிடைத்தால் இரண்டு ஆளுக்குத் தேடு. இரண்டு என்று கேட்கும்போது ஒரு ஆசனம் மட்டும் இருக்கும் நாள் முழுவதாக மறைந்துவிடும். அந்த நாளில் மற்ற ஆசனம் அடுத்த வாரம் திறக்கவும் கூடும். இணைப்புப் பயணத்தைத் துண்டு துண்டாகவும் தேட வேண்டும்: கொழும்பு–டோஹா தனியாக, டோஹா–ஹீத்ரோ தனியாக. சில நாட்களில் துண்டுகள் தனித்தனியே தெரியும், சேர்த்துக் கேட்டால் தெரியாது. சில நாட்களில் அதற்கு நேர்மாறு. முழுப் பயணத்துக்கு விற்கும் ஆசனத்தையும் துண்டுப் பயணத்துக்கு விற்கும் ஆசனத்தையும் நிறுவனம் வேறாகக் கணக்கு வைப்பதால் வரும் விளைவு இது.

திரையில் ஆசனம் தெரிந்து, பெயர், கடவுச்சீட்டு இலக்கம் எல்லாம் நிரப்பிப் பணம் கட்டும் பக்கத்தில் பிழை காட்டினால் அது பேய் ஆசனம். உண்மையில் போய்விட்ட ஆசனத்தின் பழைய தகவல் பங்காளியின் தளத்தில் அழியாமல் நிற்கிறது. அதைச் சோதிக்க அதே கூட்டணியின் இன்னொரு நிறுவனத் தளத்தில் அதே விமானத்தை, அதே நாளில் தேட வேண்டும். இரண்டிலும் தெரிந்தால் நம்பலாம். ஒன்றில் மட்டும் தெரிந்தால் அதன் பின்னால் மூன்று தடவைக்கு மேல் ஓட வேண்டாம். ஒவ்வொரு முயற்சியிலும் அட்டையில் பணம் தற்காலிகமாகத் தடுக்கப்படலாம்; அது விடுபடச் சில நாள் எடுக்கும்.

விலையை எப்படிப் பார்ப்பது

பங்காளி விமானங்களுக்கு பிரிட்டிஷ் ஏர்வேய்ஸ் தூரத்தை வைத்துப் புள்ளி கேட்கிறது, அதுவும் ஒவ்வொரு பறப்புக்கும் தனித்தனியாக. கொழும்பிலிருந்து லண்டனுக்கு நேரே ஏறத்தாழ 5,400 மைல். டோஹா வழியாகப் போனால் முதல் துண்டு 2,000க்கும் 3,000க்கும் இடையில், இரண்டாவது 3,000க்கும் 4,000க்கும் இடையில். இந்த இரண்டு தூரப் படிக்கும் உரிய புள்ளிகள் கூட்டப்படும். அதனால் நேர் விமானம் புள்ளியில் மலிவாக வரவும் கூடும். வரியும் மேல்கட்டணமும் அதைத் தலைகீழாக்கவும் கூடும். பயண நாளுக்கு எது என்று பணம் கட்டும் பக்கம் வரை போய்ப் பார்க்காமல் முடிவெடுக்கக் கூடாது. நிறுவனங்கள் இந்தப் புள்ளிப் படிகளை அடிக்கடி மாற்றுகின்றன.

கணக்கு விளங்குவதற்காக எடுத்த எண்கள் இவை. போகும் வழி: ரொக்க விலை 430 பவுண், புள்ளியில் 27,500 அவியோஸ், அதோடு 110 பவுண். மிச்சம் 320 பவுண். அதை 27,500ஆல் வகுத்தால் ஒரு புள்ளிக்கு 1.16 பென்ஸ். திரும்பும் வழி: மலிவான ரொக்க விலை 390 பவுண், புள்ளியில் 26,000 அவியோஸ், அதோடு 240 பவுண். மிச்சம் 150தான், புள்ளிக்கு 0.58 பென்ஸ். இதைப் பார்த்துவிட்டுப் பலர் திரும்பும் வழியை ரொக்கத்தில் எடுப்பார்கள்.

அந்த இடத்தில் பிழை விடுகிறார்கள். அந்த 390 பவுண் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுக்க முடியாது. புள்ளி டிக்கெட்டோடு ஒப்பிட வேண்டியது ரத்துச் செய்யக்கூடிய ரொக்க டிக்கெட்டை. அது 620 பவுண் என்றால் மிச்சம் 380, புள்ளிக்கு 1.46 பென்ஸ். திரும்பும் திகதியே தெரியாத ஒரு குடும்பத்துக்கு இந்த இரண்டாவது கணக்குத்தான் சரியான கணக்கு. திகதி நிச்சயமாகத் தெரிந்தவர்களுக்கு முதலாவது.

திரும்பும் வழியில் பணம் கூடுவதற்குப் பெரிய காரணம் பிரித்தானியாவின் விமானப் பயணிகள் வரி. அது அந்த நாட்டிலிருந்து புறப்படும் பயணத்துக்கு மட்டும், போய் இறங்கும் பயணத்துக்கு இல்லை. சாதாரண வகுப்பை விட மேல்வகுப்பில் இரண்டு மடங்குக்கும் அதிகம். சாதாரண வகுப்பில் 16 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு இல்லை. புள்ளி இருக்கிறது என்பதற்காகத் திரும்பும் வழியைப் பிசினஸ் வகுப்பில் எடுக்கிறவர்கள் இந்த வரியைக் கண்டு திகைப்பார்கள். பிசினஸ் வகுப்பு எடுக்கும் எண்ணமிருந்தால் கட்டுநாயக்கவிலிருந்து புறப்படும் வழிக்கு எடுப்பது மேல்.

இரண்டு வழியையும் ஒரே பதிவாக எடுக்காமல் தனித்தனிப் பதிவாக எடுத்தோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையுமே ரத்துச் செய்ய வந்தால் 35 பவுண் இரண்டு தரம் கழியும். அதைத் தவிரப் பாதகம் பெரிதாக இல்லை. போகும் வழியில் குழப்பம் வந்தாலும் திரும்பும் வழி அசையாமல் நிற்கும். திரும்பும் திகதியை மாற்றும்போது பாவித்து முடிந்த டிக்கெட்டை யாரும் கிண்ட வேண்டியதில்லை. ஹீத்ரோவில் குடிவரவு அதிகாரி திரும்பும் டிக்கெட்டைக் கேட்டால் காட்டுவதற்கு இரண்டாவது பதிவின் அச்சுப்பிரதியை அம்மாவின் கைப்பையில் வைக்க வேண்டும், பெரிய பெட்டியில் அல்ல.

போகும் வழியின் இரண்டு துண்டுகளையும் மட்டும் பிரிக்கவே கூடாது. கொழும்பு–வளைகுடா ஒரு டிக்கெட், வளைகுடா–லண்டன் இன்னொரு டிக்கெட் என்றால், முதல் விமானம் பிந்தி இரண்டாவதைத் தவறவிட்டால் பொறுப்பெடுக்க ஒருவரும் இல்லை. பெட்டியை லண்டன்வரை குறித்துக் கொடுக்கும் கடமையும் நிறுவனத்துக்கு இல்லை.

பெயர்

மகளும் மருமகனும் பிரிட்டிஷ் ஏர்வேய்ஸில் வீட்டுக் கணக்கு வைத்திருந்தார்கள். அதில் புள்ளிகள் ஒன்றாகக் கூடும். செலவழிக்கும்போது ஒவ்வொருவர் கணக்கிலிருந்தும் விகிதப்படி கழியும். நல்ல வசதி. ஆனால் வீட்டுக் கணக்கு வைத்திருந்தால், அந்த வீட்டாருக்கும் ‘நண்பர்கள், குடும்பத்தார்’ பட்டியலில் உள்ள 5 பேருக்கும் மட்டும்தான் டிக்கெட் எடுக்கலாம். உவர்மலையில் இருக்கும் பெற்றோர் அந்த வீட்டு முகவரியில் இல்லை. ஆகவே அப்பாவையும் அம்மாவையும் முதலே பட்டியலில் சேர்த்திருக்க வேண்டும், கடவுச்சீட்டில் உள்ளபடி.

கடவுச்சீட்டில் உள்ளபடி என்பதுதான் நம்மவர்களுக்குத் தலையிடி. இலங்கைக் கடவுச்சீட்டில் குடும்பப் பெயர், ஏனைய பெயர்கள் என்று இரண்டு கட்டம். சிலருக்குத் தகப்பன் பெயர் முதற்கட்டத்திலும் சொந்தப் பெயர் இரண்டாவதிலும் இருக்கும். சிலருக்கு மாறி இருக்கும். வீட்டிலும் வங்கியிலும் தலைப்பெழுத்தோடு சொந்தப் பெயர்தான் புழக்கம், அதனால் பிள்ளைகள் அந்தப் பழக்கத்திலேயே படிவத்தை நிரப்பிவிடுகிறார்கள். தலைப்பெழுத்து மட்டும் போட்ட டிக்கெட்டோடு விமானம் ஏற முடியாது.

பார்க்க வேண்டிய இடம் கடவுச்சீட்டின் படப் பக்கத்தில் கீழே உள்ள இரண்டு வரிகள், கோணல் குறிகள் நிறைந்த அந்த இயந்திர வரிகள். மேல் வரியில் நாட்டுக் குறியீட்டுக்கு அடுத்து வருவது குடும்பப் பெயர். இரண்டு கோணல் குறி சேர்ந்து வந்ததும் ஏனைய பெயர்கள் தொடங்கும். டிக்கெட்டில் எழுத்துக்கு எழுத்து அதே வரிசை, அதே எழுத்துக்கூட்டல். அம்மாவின் பெயரில் ‘திரு’ என்ற தொடக்கத்தை ஆங்கிலத்தில் ‘எச்’ போட்டும் போடாமலும் எழுதலாம். அடையாள அட்டையில் ஒரு விதம், கடவுச்சீட்டில் ஒரு விதம் இருப்பது அபூர்வமல்ல. கடவுச்சீட்டில் இருப்பதே கணக்கு. பங்காளி விமானத்துக்கு எடுத்த புள்ளி டிக்கெட்டில் பெயர் திருத்துவது சுலபமல்ல: ரத்துச் செய்து மறுபடி எடுக்கச் சொன்னால், அந்த இடைவெளியில் ஆசனம் திரும்பி வரும் என்ற உத்தரவாதம் கிடையாது. படப் பக்கத்தைப் படமெடுத்து மகளுக்கு அனுப்புங்கள். தொலைபேசியில் எழுத்துச் சொல்ல வேண்டாம்.

எடுத்த கையோடு செய்ய வேண்டியவை

பணம் கட்டியதும் ஆறெழுத்துக் குறியீடு ஒன்று வரும். அது டிக்கெட் விற்ற நிறுவனத்தின் பதிவு. பறக்கும் நிறுவனத்துக்கு அதே பயணத்துக்கு வேறொரு ஆறெழுத்துக் குறியீடு இருக்கும். அதைத் தளத்திலோ தொலைபேசியிலோ கேட்டு எடுத்தால்தான் ஆசனம் தெரிவுசெய்ய, சாப்பாடு குறிக்க, சக்கர நாற்காலி கேட்க முடியும்.

மூன்றாவதாக டிக்கெட் இலக்கம், 13 இலக்கங்கள். முதல் மூன்றும் யாருடைய டிக்கெட் என்பதைச் சொல்லும்: 125 என்றால் பிரிட்டிஷ் ஏர்வேய்ஸ், 157 கட்டார், 603 ஸ்ரீலங்கன், 618 சிங்கப்பூர், 014 ஏர் கனடா. திகதி மாற்றமோ ரத்தோ அந்த மூன்று இலக்கத்துக்கு உரியவரிடம்தான். கொழும்பில் உள்ள பறக்கும் நிறுவனத்தின் அலுவலகத்துக்குப் போய் வரிசையில் நின்றுவிட்டு, ‘இது எங்கட டிக்கெட் இல்லை’ என்ற பதிலோடு திருகோணமலைக்குத் திரும்புவது ஒரு முழு நாள் வீண்.

சாப்பாட்டுக் குறியீட்டில் ஒரு பொறி இருக்கிறது. அம்மா சைவம். படிவத்தில் ‘இந்து உணவு’ என்று கண்டதும் அதைத்தான் அழுத்தத் தோன்றும். அதன் குறியீடு ஹெச்என்எம்எல். மாட்டிறைச்சி இருக்காது, ஆனால் கோழியோ மீனோ ஆட்டிறைச்சியோ வரும். நம்முடைய மரக்கறிச் சாப்பாட்டுக்கு ஏவிஎம்எல் என்ற ஆசிய மரக்கறி உணவைக் குறிக்க வேண்டும். விஎல்எம்எல் என்பதில் முட்டை வரலாம். விஜிஎம்எல்லில் பாலும் தயிரும்கூட இருக்காது. ஒவ்வொரு பறப்புக்கும் தனித்தனியே குறிக்க வேண்டும். முதல் விமானத்தில் ஏவிஎம்எல் கிடைத்து இரண்டாவதில் கோழி வருவதற்குக் காரணம், குறிப்பு ஒரு துண்டில் மட்டும் ஏறியிருப்பது. புறப்பாட்டுக்கு 48 மணி நேரத்துக்கு முன் முடித்துவிட்டால் கவலையில்லை.

சக்கர நாற்காலியிலும் மூன்று வகை. நெடுந்தூரம் நடக்க முடியாது, படி ஏறலாம் என்றால் டபிள்யூசிஹெச்ஆர். படியும் ஏற முடியாது என்றால் டபிள்யூசிஹெச்எஸ். ஆசனம்வரை கொண்டுபோய் இருத்த வேண்டும் என்றால் டபிள்யூசிஹெச்சி. அப்பாவுக்கு முழங்கால் வலி, வீட்டில் நடந்து திரிகிறார். ஆனால் படி ஏறும்போது கைபிடி வேண்டும். சில இடங்களில் விமானம் பாலத்தோடு ஒட்டாமல் தூர நிறுத்தப்பட்டுப் பஸ்ஸில் கொண்டுபோய்ப் படியில் ஏற்றுவார்கள். அவருக்கு இரண்டாவது வகைதான் சரி. ‘நடப்பார், சும்மா போடுங்கோ’ என்று முதல் வகையைக் குறித்தால் அந்தப் படியடியில் நிற்க வேண்டிவரும். இந்தக் கோரிக்கையும் ஒவ்வொரு துண்டிலும் ‘உறுதி’ என்று பறக்கும் நிறுவனத்தின் பதிவில் தெரிய வேண்டும்.

வளைகுடாவில் இறங்கி ஏற 2 மணி நேரத்துக்குக் குறைந்த இணைப்பை இந்த வயதில் எடுக்கக் கூடாது. ஒரு மணி நேரம் போதும் என்று கணினி விற்கும். சக்கர நாற்காலிக்காரர்கள் கடைசியாகத்தான் இறக்கப்படுவார்கள் என்பது கணினிக்குத் தெரியாது.

நேர மாற்றம்

மார்ச்சில் ஒரு மின்னஞ்சல்: கொழும்பிலிருந்து புறப்படும் விமானத்தின் நேரம் மாறியிருக்கிறது. மே 26ஆம் திகதி இரவு 9.30க்குப் போக வேண்டியது, 26ஆம் திகதி அதிகாலை 3.50 ஆகிவிட்டது. திகதி அதேதான் என்பதால் மின்னஞ்சலைப் பார்த்தவுடன் ஒன்றும் உறைக்காது. திருகோணமலைக்காரருக்கு அது ஒரு முழு நாள் மாற்றம்.

கட்டுநாயக்கவுக்கு வேன் ஆறு மணி நேரம் என்று வைக்க வேண்டும்: கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, குருநாகல், பிறகு நீர்கொழும்புப் பக்கம். விமான நிலையத்தில் மூன்று மணி நேரம் முன்னதாக நிற்க வேண்டும். தெருவில் எதுவும் நடக்கலாம் என்று இரண்டு மணி நேரம். மொத்தம் பதினொன்று. இரவு 9.30 விமானத்துக்குக் காலை பத்தரைக்கு வெளிக்கிட்டால் போதும், பகல் வெளிச்சத்தில் ஓடலாம். அதிகாலை 3.50க்கு என்றால் 25ஆம் திகதி மாலை ஐந்துக்கு முன் வெளிக்கிட வேண்டும். ஹபரணைக் காட்டை இருட்டில் கடக்க வேண்டும், யானை தெருவில் ஏறும் நேரத்தில். வடகீழ்ப் பருவமழை மாதங்களில் இன்னும் இரண்டு மணி நேரம் கூட்ட வேண்டும். பிந்திய இரவு விமானங்களுக்கு முதல் நாள் பகலிலேயே போய் நீர்கொழும்பில் தங்குவது வயதானவர்களுக்குச் செலவுக்கேற்ற நிம்மதி. 00.35, 01.10 போன்ற நேரங்களில் திகதியைப் பிழையாக வாசித்து ஒரு நாள் பிந்திப் போய் நின்றவர்கள் பலர். நள்ளிரவுக்குப் பிந்திய விமானத்துக்கு வேன்காரருக்குச் சொல்லும் திகதி டிக்கெட்டில் உள்ளதற்கு முந்திய நாள்.

இந்த மாற்றத்தில் அதைவிட ஆபத்தான இன்னொன்று ஒளிந்திருந்தது. முதல் விமானம் முந்தியதால் வளைகுடாவில் காத்திருப்பு 20 மணி நேரமானது. அதைக் குறைக்க இரண்டாவது விமானமும் முந்திய ஒன்றுக்கு மாற்றப்பட்டது. மகள் தளத்தில் ‘ஏற்றுக்கொள்கிறேன்’ என்பதை அழுத்தினாள். பதிவில் இரண்டு புதிய விமானங்களும் உறுதி என்று காட்டின. எல்லாம் முடிந்தது போலத் தோன்றும்.

பதிவு என்பது ஆசனம் ஒதுக்கப்பட்டதற்கான குறிப்பு. டிக்கெட் என்பது அந்த ஆசனத்துக்குப் பணமும் புள்ளியும் கட்டியாகிவிட்டது என்பதற்கான பத்திரம். அதில் ஒவ்வொரு பறப்புக்கும் ஒரு கூப்பன், கூப்பனில் விமான இலக்கமும் திகதியும் எழுதியிருக்கும். பதிவில் விமானம் மாறினால் கூப்பன் தானாக மாறாது. டிக்கெட் விற்ற நிறுவனம் அதை மறுபடி வெளியிட வேண்டும். ஒரே நிறுவனத்துக்குள் இது பெரும்பாலும் இயந்திரத்தில் தானே நடந்துவிடும். விற்றவர் ஒருவர், பறப்பவர் ஒருவர் என்றால் இடையில் செய்தி போக வேண்டும், அந்தச் செய்தி ஒரு மனிதரின் வரிசையில் போய் விழும், அங்கே நாட்கணக்கில் கிடக்கும். அதற்குள் பயண நாள் வந்தால், கட்டுநாயக்கவில் கவுண்டரில் இருப்பவர் பதிவைக் காண்பார், அதற்குப் பொருந்தும் கூப்பனைக் காணமாட்டார். ‘உங்கட பெயர் இருக்கு, டிக்கெட் இல்லை’ என்ற பதில் அங்கிருந்துதான் பிறக்கிறது. அதிகாலை ஒரு மணிக்கு அதைச் சரிசெய்ய லண்டன் இலக்கத்தைத்தான் அழைக்க வேண்டும்.

ஆகவே மாற்றத்தை ஏற்ற ஒரு கிழமைக்குள் டிக்கெட் விற்ற நிறுவனத்துக்கு அழைத்து ஒரே கேள்வி: ‘டிக்கெட் புதிய விமானங்களுக்கு மறுபடி வெளியிடப்பட்டுவிட்டதா, இரண்டு கூப்பனும் ஓப்பன், அதாவது பாவிக்கப்படாத, நிலையில் இருக்கிறதா?’ மறுவெளியீடு நடந்திருந்தால் வழக்கமாக 13 இலக்க எண் மாறியிருக்கும், புதிய இ-டிக்கெட் மின்னஞ்சல் வந்திருக்கும். பழைய எண்ணே இருந்தால் கூப்பனில் உள்ள விமான இலக்கத்தையும் திகதியையும் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். அது கையிலுள்ள பதிவோடு ஒத்துப்போனால் சரி. அழைத்த நாள், நேரம், பேசியவர் பெயர் மூன்றையும் எழுதி வையுங்கள். சாப்பாடு, சக்கர நாற்காலி, ஆசன இலக்கம் மூன்றும் விமானம் மாறும்போது உதிர்ந்துவிடும்; அவற்றை மறுபடி போட வேண்டும். புதிய நேரம் சரிவராவிட்டால் அழுத்துவதற்கு முன்னரே அழையுங்கள். நிறுவனமே மாற்றிய பயணத்தை வேறு நாளுக்கோ வேறு விமானத்துக்கோ கட்டணமின்றி மாற்றித் தரக் கேட்கலாம். ‘ஏற்றுக்கொள்கிறேன்’ என்று அழுத்திய பிறகு அந்தப் பேரம் பலவீனமாகிவிடும்.

மின்னஞ்சல் வராமலும் மாற்றம் நடக்கும். பதிவு மகளின் முகவரியில், பறக்கும் நிறுவனத்திடம் ஒரு முகவரியும் இல்லை என்ற நிலை சாதாரணம். மாதம் ஒரு தடவை, கடைசி மாதத்தில் கிழமைக்கு ஒரு தடவை, இரண்டு குறியீட்டையும் போட்டு இரு தளத்திலும் நேரத்தை ஒத்துப் பார்க்க வேண்டும். பறக்கும் நிறுவனத்தின் பதிவில் அப்பாவின் இலங்கைக் கைபேசி இலக்கத்தை +94 போட்டுச் சேர்த்துவிடுங்கள். கடைசி நேரக் குறுஞ்செய்தி அங்கேதான் வரும்.

திரும்பும் வழி

குழந்தை ஜூன் 19இல் பிறந்தது. துடக்குக் கழிவு ஜூலை 19 ஞாயிறு. திரும்பும் பதிவு ஜூலை 24க்கு எடுத்து வைத்தது. ஆகஸ்ட் நடுவரை நில்லுங்கள் என்று மகள் கேட்டாள். ஜூலைக் கடைசியும் ஆகஸ்டும் லண்டனில் பள்ளி விடுமுறை, நிலாவெளிக்கும் நல்லூருக்கும் ஊர்க்காரர் எல்லாம் வெளிக்கிடும் காலம். எக்ஸ் ஆசனம் லேசில் திறக்காது. இந்த நேரத்தில் கையில் உள்ளதை விட்டுவிட்டுத் தேடக் கூடாது. புதிய திகதியில் ஆசனம் தெரிந்தால், கணக்கில் மேலதிகப் புள்ளி இருந்தால், அதை முதலில் புதிய பதிவாக எடுத்துவிட்டுப் பழையதை ரத்துச் செய்வது பாதுகாப்பானது. புள்ளி போதாவிட்டால் தொலைபேசியில் மாற்றச் சொல்ல வேண்டும். விமானம் புறப்பட 24 மணி நேரத்துக்குக் குறைவாக இருந்தால் ஒன்றும் செய்ய முடியாது, போகாமல் விட்டால் புள்ளியும் போய்விடும்.

ஆகஸ்ட் 14 கிடைத்தது. பெட்டி எத்தனை கிலோ என்பதை இ-டிக்கெட்டில் ஒவ்வொரு பறப்புக்கும் எதிரே பார்க்கலாம்: 30கே என்றால் 30 கிலோ, 2பிசி என்றால் இரண்டு பெட்டி. போகும்போது இருந்த அளவு திரும்பும்போதும் இருக்கும் என்று நினைத்துச் சாமான் கட்ட வேண்டாம், இது வேறு டிக்கெட்.

அந்த நாள் இயந்திரக் கோளாறால் விமானம் பிந்தி, கட்டுநாயக்கவில் 4 மணி 40 நிமிடம் தாமதமாக இறங்கியது. புள்ளியில் போகிறவர்களுக்கு நட்டஈடு இல்லை என்று பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். பிரித்தானியாவிலிருந்து புறப்படும் எந்த நிறுவனத்தின் விமானமானாலும் அந்நாட்டின் பயணிகள் நட்டஈட்டு விதி, 261 என்று அழைக்கப்படுவது, பொருந்தும். புள்ளித் திட்டங்களில் எடுத்த டிக்கெட்டும் அதற்குள் அடங்கும் என்று அந்த விதியிலேயே எழுதியிருக்கிறது. 3,500 கிலோமீற்றருக்கு மேற்பட்ட பயணத்தில் 4 மணி நேரத்துக்கு மேல் பிந்தினால் ஆளுக்கு 520 பவுண், 3க்கும் 4க்கும் இடையில் என்றால் 260. புயல், வான்வழிக் கட்டுப்பாடு போன்ற காரணங்களுக்குக் கிடைக்காது. சாதாரண இயந்திரக் கோளாறு விலக்கில் சேராது. போகும் வழியில் வளைகுடா நிறுவனம் ஒன்று இதேபோல் பிந்தியிருந்தால் இந்த விதி உதவியிருக்காது, ஏனென்றால் அது பிரித்தானியாவிலிருந்து புறப்படவில்லை, பிரித்தானிய நிறுவனமும் இல்லை.

கோரிக்கை போக வேண்டியது பறந்த நிறுவனத்துக்கு. 125இல் தொடங்கும் டிக்கெட்டாக இருந்தாலும் விற்றவருக்கு அல்ல. இங்கிலாந்தில் ஆறு வருடம்வரை கேட்கலாம், ஆனாலும் போர்டிங் பாஸ் கையில் இருக்கும் கிழமையிலேயே அனுப்புவது நல்லது. கதவு திறந்த நேரத்தைக் கைபேசியில் குறித்து வையுங்கள். சக்கரம் நிலத்தைத் தொட்ட நேரத்தை வைத்துக் கணக்கிட்டால் 4 மணி நேர எல்லையில் சில நிமிடம் இழக்க நேரும். பணம் புள்ளிக் கணக்கின் சொந்தக்காரருக்கு உரியதல்ல, பயணம் செய்தவருக்கு உரியது. மகள் அப்பா, அம்மா சார்பில் எழுதுவதென்றால் இருவரும் ஒப்பமிட்ட அதிகாரக் கடிதத்தை இணைக்க வேண்டும். படிவம் ஐபன் என்ற சர்வதேச வங்கிக் கணக்கிலக்கம் கேட்கும். இலங்கை வங்கிகளில் அது இல்லை. அந்தக் கட்டத்தில் எண்களைப் புனைந்து நிரப்பாமல், கணக்கிலக்கம், வங்கியின் ஸ்விஃப்ட் குறியீடு, திருகோணமலைக் கிளையின் பெயர், கடவுச்சீட்டில் உள்ளபடி கணக்குரியவர் பெயர் ஆகியவற்றைத் தனிக் கடிதத்தில் எழுதி அனுப்பினால் பணம் வந்து சேரும். விமான நிலையத்தில் வேன் காத்து நின்ற ஐந்து மணி நேரத்துக்கான காசு அந்த 520க்குள்தான் அடங்க வேண்டும்.